சொடுக்குகளை எண்ணியவர்கள்

பத்திரிகைத் தொழிலில் விளம்பரத்தை அளப்பதற்கு நீண்டகாலமாக இருந்துவந்த கருவி அடிமட்டம் ஒன்றுதான். இத்தனை பத்தி அகலம், இத்தனை சென்ரிமீற்றர் உயரம் என்று அளந்து அதற்குரிய கட்டணத்தை அறவிடுவார்கள். முதற்பக்கத்துக்கு ஒரு விலை, உட்பக்கத்துக்கு இன்னொரு விலை. பணம் செலுத்தியவர் வாங்கியது இடத்தை மட்டுமே. அந்த இடத்தின் மீது எத்தனை கண்கள் படிந்தன, படிந்த கண்களில் எத்தனை நின்று வாசித்தன, வாசித்தவர்களில் எத்தனை பேர் கடைவாசல் வரை வந்தனர் என்பதை விளம்பரதாரரும் அறியார், பத்திரிகை அதிபரும் அறியார்.

விளம்பரத்துக்குச் செலவிடும் பணத்தில் பாதி வீண்தான், ஆனால் எந்தப் பாதி என்பதுதான் தெரியவில்லை என்ற பொருளில் ஒரு வாசகம் உண்டு. பிலடெல்பியாவின் பெரிய கடை முதலாளியான ஜோன் வனமேக்கரின் பெயரில் அது வழங்கிவருகிறது. அவர் அதைச் சொன்னாரோ இல்லையோ, நூறாண்டுகளுக்கும் மேலாக விளம்பர உலகின் நிலைமை அதுவாகவே இருந்தது.

அந்த இருளை நீக்குவதற்கு முயற்சிகள் நடக்காமலில்லை. அமெரிக்காவில் பத்திரிகைகளின் விற்பனைத் தொகையைத் தணிக்கை செய்வதற்கென 1914ஆம் ஆண்டு ஓர் அமைப்பு நிறுவப்பட்டது. ஆனால் அது எண்ணியது விற்பனையான பிரதிகளை. வாசித்த கண்களை அல்ல. குளோட் ஹொப்கின்ஸ் என்ற விளம்பர எழுத்தாளர் 1923இல் வெளியிட்ட 'விஞ்ஞான விளம்பரம்' என்ற நூலில் வேறொரு வழியை விளக்கினார். விளம்பரத்தின் மூலையில் வெட்டி அனுப்பக்கூடிய ஒரு துண்டு வைக்கப்படும். எந்தப் பத்திரிகையின் எந்த விளம்பரத்திலிருந்து அது வந்தது என்பதற்கு அதிலேயே ஓர் அடையாளம் இருக்கும். திரும்பி வந்த துண்டுகளை எண்ணினால் எந்த விளம்பரம் பலன் தந்தது என்பது தெரிந்துவிடும். இன்று நாம் 'சொடுக்கு விகிதம்' என்று அழைப்பதன் பாட்டனார் அந்தத் துண்டுதான்.

சொடுக்கு விகிதம் என்பது மிக எளிய கணக்கு. ஒரு விளம்பரம் கணினித் திரையில் எத்தனை தடவை தோன்றியது, அவற்றுள் எத்தனை தடவை வாசகர் அதன்மீது சொடுக்கினார், இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் வருவது. ஆயிரம் தடவை தோன்றி முப்பது தடவை சொடுக்கப்பட்டால் 3 சதவீதம். நான்காம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும் இந்த வகுத்தற்கணக்கின் மேல்தான் உலகின் மிகப்பெரிய வணிக நிறுவனங்களில் ஒன்று கட்டியெழுப்பப்பட்டது. விளம்பரம் எந்த இடத்தில் அமைய வேண்டும் என்பதைப் பணம் கொடுப்பவரின் கையிலிருந்து பிடுங்கி, ஓரளவுக்கேனும் வாசகனின் கையில் கொடுத்த எண் இது. பின்னர் அந்த அதிகாரம் வாசகனின் கையிலிருந்து எங்கே போய்ச் சேர்ந்தது என்பதும் இதே கதையின் பகுதிதான்.

பதாகையின் காலம்

1994ஆம் ஆண்டு ஒக்டோபர் 27ஆம் திகதி, அமெரிக்காவின் 'வயர்ட்' சஞ்சிகை நிறுவனத்தார் 'ஹொட்வயர்ட்' என்ற இணையத்தளத்தைத் தொடங்கினர். அதன் பக்கங்களில் நீள்சதுரப் பதாகை விளம்பரங்கள் சில இடம்பெற்றன. அவற்றுள் ஏ.ரி. அன்ட் ரி. என்ற தொலைபேசி நிறுவனத்தின் பதாகையே வரலாற்றில் பெயர் பெற்றுவிட்டது. அதில் நிறுவனத்தின் பெயர் இல்லை, பொருளின் படம் இல்லை. இந்த இடத்தில் எப்போதாவது சொடுக்கியிருக்கிறீர்களா என்று கேட்டு, சொடுக்கத்தான் போகிறீர்கள் என்று சொன்னது, அவ்வளவுதான். கண்டவர்களில் 44 சதவீதத்தினர் சொடுக்கினர் என்று பதிவாகியுள்ளது.

அந்த விகிதத்தை நம்பி எவரும் கணக்குப் போட்டிருக்க முடியாது. அது விளம்பரத்தின் வெற்றியன்று, புதுமையின் வெற்றி. அன்று இணையத்தில் இருந்தவர்கள் மிகச் சிலர். அவர்கள் எதைக் கண்டாலும் சொடுக்கிப் பார்க்கும் ஆவல் கொண்டவர்கள். பதாகைகள் பெருகப் பெருக ஆவல் குறைந்தது. சில ஆண்டுகளுக்குள் பதாகை விளம்பரங்களின் சொடுக்கு விகிதம் ஒரு சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

ஆனாலும் விளம்பரதாரர்கள் ஒன்றைக் கற்றுக்கொண்டனர். எண்ண முடியுமானால், எண்ணிக்கைக்கு மட்டும் பணம் கொடுக்கலாமே! சவர்க்காரம் முதல் பற்பசை வரை விற்கும் புரொக்டர் அன்ட் கம்பிள் நிறுவனம் உலகின் பெரும் விளம்பரதாரர்களில் ஒன்று. அது 1996இல் யாகூவோடு ஓர் உடன்பாடு செய்துகொண்டது: விளம்பரம் தோன்றுவதற்குப் பணமில்லை, சொடுக்கினால்தான் பணம். இணையத்தளங்களை நடத்தியவர்கள் இதைக் கண்டு கலங்கினர். காட்டுவது எங்கள் வேலை, கவர்வது உங்கள் வேலை, உங்கள் விளம்பரம் கவராவிட்டால் நாங்கள் ஏன் நட்டப்பட வேண்டும் என்பது அவர்களுடைய வாதம். நியாயமான வாதந்தான். ஆனால் சந்தையின் காற்று மறுபக்கமாக வீசத் தொடங்கியிருந்தது.

தேடலைக் கூறி விற்றல்

பதாகைக்கும் தேடற்பொறி விளம்பரத்துக்கும் அடிப்படையில் ஒரு வேறுபாடு உண்டு. பதாகை, வேறு காரியமாக வந்தவனின் சட்டையைப் பிடித்து இழுப்பது. தேடற்பொறியிலோ வாசகன் தனக்கு என்ன வேண்டும் என்பதைத் தானே எழுதுகிறான். 'பழைய கார் விற்பனை' என்று எழுதுபவனுக்குக் கார் தேவை என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. அந்தக் கணத்தில் அவன் முன் நிற்கும் விற்பனையாளனுக்கு அது எத்தனை பெறுமதியானது!

இதை முதலில் விற்கத் துணிந்தவர்கள் அடிவாங்கினர். கனடாவின் வோட்டர்லூ நகரைச் சேர்ந்த ஓப்பின் ரெக்ஸ்ட் நிறுவனம் 1996இல் தனது தேடல் முடிவுகளில் முன்னிடங்களைக் கட்டணத்துக்கு விற்க முற்பட்டது. நூலகத்தின் அட்டவணையில் இடம் விற்பதற்கு ஒப்பான செயல் இது என்பதாக எதிர்ப்புக் கிளம்பவே, அந்த முயற்சி கைவிடப்பட்டது.

இரண்டு ஆண்டுகளின் பின் அதே காரியத்தைக் கூச்சமின்றிச் செய்தவர் பில் குரொஸ். கலிபோர்னியாவின் பசடீனா நகரில் 'ஐடியாலாப்' என்ற பெயரில் புதிய நிறுவனங்களை உருவாக்கும் நிலையமொன்றை நடத்தியவர் அவர். 1998இல் அவர் தொடங்கிய தேடற்பொறியின் பெயர் 'கோடு டொட் கொம்'. அக்காலத் தேடற்பொறிகள் குப்பையால் நிறைந்திருந்தன. ஒரு சொல்லைப் பக்கத்தில் நூறு தடவை மறைவாக எழுதிவைத்தவன் முன்னுக்கு வந்துவிடுவான். குரொஸ் வேறுவிதமாகச் சிந்தித்தார்: ஒவ்வொரு சொடுக்குக்கும் கைக்காசு கொடுக்க வேண்டும் என்றால், தொடர்பில்லாத ஆளைத் தன் கடைக்குள் அழைக்க எவனும் விரும்பமாட்டான். ஆகவே பணமே ஒரு வடிகட்டி.

நம் ஊர்ச் சந்தைகளில் மீன் கூறி விற்பதைக் கண்டவர்களுக்குக் கோடுவின் முறை உடனே விளங்கும். ஒவ்வொரு சொல்லும் ஒரு கூறு. அதிக விலை கேட்பவருக்கு முதலிடம், அடுத்தவருக்கு இரண்டாமிடம். ஒரு சதத்திலிருந்து ஏலம் தொடங்கியது. யார் எவ்வளவு கேட்டார் என்பதை வாசகனும் பார்க்கக்கூடியதாக விளம்பரத்தின் அருகிலேயே விலை அச்சிடப்பட்டது. அந்த வெளிப்படைத்தன்மை பின்னர் வந்த எந்தப் பெரிய தேடற்பொறியிலும் காணப்படவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

2001இல் 'ஓவர்ச்சர்' எனப் பெயர் மாற்றம் பெற்ற இந்நிறுவனத்தின் ஏலத்தில் ஒரு பெருங்குறை இருந்தது. கேட்ட விலையை அப்படியே கொடுக்க வேண்டும். இருவர் போட்டியிட்டால் ஒருவர் 50 சதம் என்பார், மற்றவர் 51 என்பார், முதலாமவர் 52 என்பார். இப்படி ஏறிச்சென்று, ஒருவருக்குக் கட்டுப்படாத விலை வந்ததும் அவர் சடாரென்று அடிமட்ட விலைக்கு இறங்கிவிடுவார். அப்போது மற்றவர் தான் மட்டும் ஏன் அதிகம் கொடுக்க வேண்டுமென அவரைவிட ஒரு சதம் மட்டும் கூட்டி வைப்பார். மீண்டும் ஏறுதல், மீண்டும் இறங்குதல். ஓவர்ச்சரின் 2002-2003 காலத் தரவுகளைப் பின்னாளில் ஆராய்ந்த பொருளியலாளர்கள் அந்த வரைபடத்தை அரத்தின் பற்களுக்கு ஒப்பிட்டனர்.

இரண்டாவது குறை, இக்கட்டுரைக்கு முக்கியமானது. விலையொன்றே இடத்தைத் தீர்மானித்தது. வாசகனின் விருப்பத்துக்கு அங்கே இடமில்லை. தொடர்பற்ற விளம்பரங்கள் புகுந்துவிடாமல் தடுக்க ஓவர்ச்சர் ஆசிரியர் குழுவொன்றை வைத்துச் சோதித்தது. பத்திரிகைக்காரனுக்குப் பழக்கமான ஏற்பாடுதான். ஆனால் இலட்சக்கணக்கான சொற்களுக்கு எத்தனை ஆசிரியர்களை வைப்பது?

ஆசிரியரின் நாற்காலியில் வாசகன்

ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்களாயிருந்த லரி பேஜும் சேர்ஜி பிரின்னும் 1998இல் தமது தேடற்பொறி பற்றி ஒரு கட்டுரை எழுதினர். விளம்பரத்தால் வாழும் தேடற்பொறி இயல்பாகவே விளம்பரதாரரின் பக்கம் சாயும், வாசகனின் தேவையிலிருந்து விலகும் என்று அதன் பின்னிணைப்பில் எச்சரித்திருந்தனர். அதே இருவரின் கூகிள் நிறுவனம் 2000ஆம் ஆண்டு ஒக்டோபரில் 350 விளம்பரதாரர்களுடன் 'அட்வேர்ட்ஸ்' என்ற விளம்பரச் சேவையைத் தொடங்கியது. முதலில் ஆயிரம் தோற்றங்களுக்கு இவ்வளவு என்ற பழைய பத்திரிகை முறையிலேயே கட்டணம் அறவிடப்பட்டது.

மாற்றம் 2002 பெப்ரவரியில் வந்தது. சலார் கமன்கார் என்ற ஈரானில் பிறந்த இளைஞரும், எரிக் வீச் என்ற கணினி அறிஞரும் புதிய ஏலமுறையை வடிவமைத்தவர்களில் முதன்மையானவர்கள். வீச் அதற்குமுன் பிக்சார் நிறுவனத்தில் கணினி வழி ஒளியைத் தீட்டும் கலையில் ஈடுபட்டவர். அத்துறையில் அவர் செய்த பணிக்காக 2014இல் ஒஸ்கார் குழுவின் தொழில்நுட்ப விருதும் பெற்றார்.

புதிய முறையின் சாரம் இதுதான்: கேட்ட விலையைச் சொடுக்கு விகிதத்தால் பெருக்கு. அதுவே உன் தரவரிசை. ஓர் உதாரணத்தால் பார்ப்போம்.

முதலாமவர் ஒரு சொடுக்குக்கு 100 சதம் தருவதாகக் கேட்கிறார். ஆனால் அவருடைய விளம்பரத்தின் சொடுக்கு விகிதம் 1 சதவீதம். இரண்டாமவர் 40 சதமே கேட்கிறார். அவருடைய விகிதம் 4 சதவீதம். கோடுவின் சந்தையில் முதலாமவருக்கே முதலிடம். ஆயிரம் தடவை காட்டினால் அவருக்குப் பத்துச் சொடுக்குகள், அதாவது 10 டொலர். இரண்டாமவரைக் காட்டியிருந்தால் நாற்பது சொடுக்குகள், அவர் கேட்ட விலைப்படி 16 டொலர். குறைந்த விலை கேட்டவரே உண்மையில் பெறுமதியானவர். ஆகவே கூகிளின் சந்தையில் முதலிடம் இரண்டாமவருக்கு.

அவர் கொடுக்க வேண்டிய தொகை எவ்வளவு? கேட்ட 40 சதம் அன்று. தனக்குக் கீழே இருப்பவரை மிஞ்சி நிற்கப் போதுமான தொகை மட்டுமே. கீழே இருப்பவரின் பெருக்கம் 100 சதமும் 1 சதவீதமும். அதை இவருடைய 4 சதவீதத்தால் வகுத்தால் 25 சதம். அதைச் சற்றே மிஞ்சினால் போதும்.

அடுத்தவரின் விலையைக் கொடுக்கும் இந்த ஏற்பாட்டின் வேரை, வில்லியம் விக்ரி என்ற பொருளியலாளர் 1961இல் எழுதிய ஆய்வில் காணலாம். தான் கேட்ட விலையைத் தானே கொடுக்க வேண்டியதில்லை என்றால், மனிதன் தன் மனத்திலுள்ள உண்மையான பெறுமதியைச் சொல்வதற்கு அஞ்சமாட்டான் என்று அவர் நிறுவினார். அந்த ஆய்வுக்கு 35 ஆண்டுகள் கழித்து, 1996 ஒக்டோபரில் அவருக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. அறிவிப்பு வெளியாகி மூன்றாம் நாள் அவர் காலமானார். கூகிளின் ஏலம் விக்ரியின் ஏலத்தோடு முழுவதும் ஒத்ததல்ல. அதன் இயல்புகளை ஹல் வேரியன் உள்ளிட்ட பொருளியலாளர்கள் 2007இல் வெளியான ஆய்வுகளில் விரிவாக விளக்கினர். முதலில் பொறியியலாளர் கட்டினர், பின்னர் பொருளியலாளர் விளக்கினர்.

இதற்கு மேலதிகமாக ஒரு கடுமையான விதியும் இருந்தது. ஆயிரம் தடவை தோன்றி ஐந்து சொடுக்காவது பெறாத விளம்பரம், அதாவது அரைச் சதவீதத்தை எட்டாதது, எவ்வளவு பணம் கொடுத்தாலும் ஒதுக்கப்பட்டது. பத்திரிகை வரலாற்றை அறிந்தவர்களுக்கு இது வியப்பூட்டும் செய்தி. பணம் கட்டிய விளம்பரத்தை, வாசகர்கள் விரும்பவில்லை என்ற காரணத்துக்காக எந்தப் பத்திரிகை பக்கத்திலிருந்து எடுத்தெறிந்தது? ஓவர்ச்சர் ஆசிரியர்களை வைத்துச் செய்த வேலையைக் கூகிள் வாசகனிடம் ஒப்படைத்தது. வாசகன் சொடுக்கினால் வாக்கு. சொடுக்காமல் கடந்து சென்றால் அதுவும் ஒரு வாக்கு.

விளைவு விரைவாகத் தெரிந்தது. 2002 மே மாதத்தில் ஏ.ஓ.எல். நிறுவனம் ஓவர்ச்சரைக் கைவிட்டுக் கூகிளின் விளம்பரங்களை ஏற்றது. ஓவர்ச்சர் தனது ஏலமுறைக்கான காப்புரிமையை மீறியதாகக் கூகிள் மீது வழக்குத் தொடுத்தது. 2003இல் யாகூ 163 கோடி டொலர் கொடுத்து ஓவர்ச்சரை வாங்கியது. 2004 ஓகஸ்டில், கூகிளின் பங்குகள் சந்தைக்கு வருவதற்குச் சற்று முன்னர், 27 இலட்சம் பங்குகளை யாகூவுக்குக் கொடுத்து அந்த வழக்குத் தீர்த்துக்கொள்ளப்பட்டது. கூகிளின் வருமானம் 2001இல் சுமார் 8.6 கோடி டொலராக இருந்து 2003இல் சுமார் 147 கோடி டொலராக உயர்ந்திருந்தது. யாகூவோ விலையை மட்டும் பார்த்து இடம் ஒதுக்கும் முறையை 2007 பெப்ரவரி வரை கைவிடவில்லை. சந்தையை உருவாக்கியவனின் வழிவந்தவர்கள், வாசகனின் வாக்கை எண்ணத் தொடங்க ஐந்து ஆண்டுகள் பிந்திவிட்டனர்.

வாக்கில் நிகழ்ந்த கோளாறுகள்

வாக்கு இருக்கும் இடத்தில் கள்ளவாக்கும் இருக்கும் என்பதை நம்மவர்க்கு விளக்க வேண்டியதில்லை. போட்டிக் கடைக்காரனின் விளம்பரத்தைத் திரும்பத் திரும்பச் சொடுக்கி அவனுடைய பணத்தைக் கரைப்பது ஒருவகை. 2003இல் கூகிள் தன் விளம்பரங்களைப் பிறருடைய தளங்களுக்கும் விரித்த பின்னர், தன் தளத்தின் விளம்பரங்களைத் தானே சொடுக்கிப் பணம் பண்ணுவது இன்னொரு வகை. சொடுக்காமலே செய்யும் மோசடியும் உண்டு. குறித்த சொல்லை ஆயிரம் தடவை தேடி, எதையும் சொடுக்காமல் விட்டால், போட்டியாளரின் விகிதம் சரியும். அவருடைய இடமும் சரியும். வகுத்தற்கணக்கில் மேலெண்ணைக் கூட்டவும் முடியும், கீழெண்ணை ஊதிப்பெருக்கவும் முடியும். அர்கன்சா மாநிலத்தில் அன்பளிப்புப் பொருட்கள் விற்கும் கடையொன்று முன்னின்று தொடுத்த கள்ளச் சொடுக்கு வழக்கு, 2006இல் கூகிள் 9 கோடி டொலர் வரை ஈடு வழங்க இணங்கியதோடு முடிவுக்கு வந்தது.

மோசடியில்லாத வாக்கும் தூய வாக்கு அல்ல. மேலே இருப்பதை மனிதன் அதிகம் சொடுக்குகிறான். 2005இல் கண்ணசைவைப் பதிவு செய்து நடத்தப்பட்ட ஓர் ஆய்வு, பார்வை திரையின் இடதுமேல் மூலையில் ஒரு முக்கோணமாகக் குவிவதைக் காட்டியது. முதலிடத்தில் இருப்பதால் சொடுக்குகிறானா, சிறந்தது என்பதால் சொடுக்குகிறானா? இதைப் பிரித்தறியாமல் விகிதத்தை எண்ணினால் முதலில் வந்தவன் என்றும் முதல்வனாகவே இருப்பான். ஆகவே இடத்தின் பங்கைக் கழித்துவிட்டு எஞ்சுவதைக் கணிக்க வேண்டியதாயிற்று.

நிறத்துக்கும் பங்குண்டு. விளம்பர இணைப்புகளின் நீல நிறத்தில் பல சாயல்களைப் பரீட்சித்து அதிகம் சொடுக்கப்பட்டதைத் தெரிவு செய்ததால் ஆண்டுக்கு 20 கோடி டொலர் மேலதிகமாகக் கிடைத்ததெனக் கூகிளின் பிரித்தானியத் தலைவராயிருந்தவர் 2014இல் கூறினார். விளம்பரமும் செய்தியும் வேறுவேறு என்று காட்டும் அடையாளத்தின் கதை இதைவிட முக்கியமானது. கட்டணம் பெற்றுக் காட்டும் முடிவுகளைத் தெளிவாக வேறுபடுத்திக் காட்டுமாறு அமெரிக்காவின் வணிக ஆணைக்குழு 2002இல் தேடற்பொறிகளுக்குக் கடிதம் எழுதியது. கூகிளில் விளம்பரங்களுக்குப் பின்னால் நிறப் பின்னணி இருந்தது. 2013இல் அது நீங்கிச் சிறிய மஞ்சள் முத்திரை வந்தது. 2016இல் முத்திரை பச்சையாயிற்று. 2020இல் கணினித் திரையிலும் கறுப்பெழுத்தாயிற்று. வேறுபாடு மங்க மங்க, விளம்பரமென்று அறியாமல் சொடுக்குவதும் சொடுக்காகவே எண்ணப்படும். 'விளம்பரம்' என்ற சொல்லை எவ்வளவு சிறிதாக அச்சிடலாம் என்ற வாதம் பத்திரிகை அலுவலகங்களுக்கும் புதியதல்லவே.

இவையெல்லாம் சரியாக இருந்தாலும், சொடுக்கு என்பது பலன் ஆகாது. ஈபே நிறுவனம் 2012இல் ஒரு பரீட்சை நடத்தியது. 'ஈபே' என்று தன் பெயரையே தேடுபவர்களுக்குத் தான் காட்டிவந்த விளம்பரத்தைச் சில தேடற்பொறிகளில் நிறுத்திப் பார்த்தது. அத்தகைய விளம்பரங்களின் சொடுக்கு விகிதம் எப்போதும் மிக உயர்வானது. நிறுத்தியபின் அந்தச் சொடுக்குகளில் 99.5 சதவீதம், விளம்பரத்துக்குக் கீழே இருந்த கட்டணமற்ற இணைப்பின் வழியாக அப்படியே வந்து சேர்ந்தது. வீட்டுக்கு வந்துகொண்டிருந்தவனை வாசலில் நின்று அழைத்துவந்ததாகக் கூலி கேட்டது போன்ற கதை. வனமேக்கரின் வீணான பாதி, அதியுயர்ந்த சொடுக்கு விகிதத்தின் உள்ளேயே ஒளிந்திருந்தது.

தராசும் படிக்கல்லும்

2005இல் கூகிள் அரைச் சதவீத விதியைக் கைவிட்டு, 'தரமதிப்பு' என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. சொடுக்கு விகிதம் அதில் முதன்மையான கூறாக இருந்தது. விளம்பரத்துக்கும் தேடிய சொல்லுக்குமுள்ள பொருத்தம், சொடுக்கினால் போய்ச் சேரும் பக்கத்தின் தரம் ஆகியனவும் படிப்படியாகச் சேர்க்கப்பட்டன. 2008இலிருந்து ஒவ்வொரு தேடலின்போதும் அந்தக் கணத்திலேயே மதிப்புக் கணிக்கப்பட்டது.

வெளியே பார்ப்பவர்களுக்குச் சிறிய மாற்றம். உள்ளே மிகப்பெரிய மாற்றம். அதுவரை எண்ணப்பட்டது நடந்து முடிந்த சொடுக்கு. இனி எண்ணப்படுவது நடக்கப்போவதாக இயந்திரம் எதிர்பார்க்கும் சொடுக்கு. நடந்ததை விளம்பரதாரர் தன் ஏட்டில் சரிபார்க்கலாம். எதிர்பார்ப்பை எப்படிச் சரிபார்ப்பது? வாசகனின் வாக்கை எண்ணியவர், அவன் எப்படி வாக்களிப்பான் என்று சொல்லும் சோதிடராகவும் ஆகிவிட்டார்.

இதன் முழுப்பொருள் பொதுவெளிக்கு வந்தது, அமெரிக்க நீதித் திணைக்களம் கூகிள் மீது தொடுத்த வழக்கில்தான். 2023 செப்டெம்பரில் வொஷிங்டனில் விசாரணை நடந்தபோது, விளம்பரப் பிரிவின் உயரதிகாரியான ஜெரி டிஷ்லர், ஏலத்தின் நுட்பங்களை மாற்றுவதன் மூலம் விலைகள் 5 சதவீதமளவிலும் சில தேடல்களுக்கு 10 சதவீதம் வரையும் உயர்த்தப்பட்டதுண்டு எனச் சாட்சியமளித்தார். நீதிபதி அமித் மேத்தா 2024 ஓகஸ்ட் 5ஆம் திகதி வழங்கிய தீர்ப்பில், தேடலிலும் தேடல் எழுத்து விளம்பரங்களிலும் கூகிள் தனியுரிமையைச் சட்டவிரோதமாகப் பேணியது என முடிவு செய்தார். ஏலத்தில் கையாளப்பட்ட சில உத்திகளையும் தீர்ப்பு விவரிக்கிறது. அவற்றுள் ஒன்றை உள்ளே 'நசுக்குதல்' என்ற பொருள்படும் சொல்லால் அழைத்தனர். எதிர்பார்க்கப்படும் சொடுக்கு விகிதத்தில் பின்தங்கியவரின் மதிப்பைச் செயற்கையாக உயர்த்தி, முன்னிற்பவருக்கும் அவருக்கும் உள்ள இடைவெளியைக் குறுக்குவதே அது.

மேலே கண்ட உதாரணத்துக்குத் திரும்பிப் பாருங்கள். முதலாமவரின் விகிதம் 1 சதவீதம். அதை 1.4 என்று கணக்கில் எடுத்தால் என்ன நடக்கும்? இரண்டாமவரே முதலிடத்தில் நீடிப்பார். பக்கத்தில் எதுவும் மாறாது. வாசகன் எதையும் உணரமாட்டான். ஆனால் அவர் கொடுக்க வேண்டிய தொகை 25 சதத்திலிருந்து 35 சதமாகிவிடும். அவர் கேட்டது 40 என்பதால் அவருக்கும் சந்தேகம் எழாது. இந்த எண்கள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. ஆனால் பொறிமுறை இதுதான்.

சந்தையில் விலையைக் கூறி ஏற்றுபவன் மீனை நிறுக்கும் தராசையும் படிக்கல்லையும் தன் கையிலேயே வைத்திருந்தால், விலையைக் கூட்ட அவன் சத்தமாகக் கூவ வேண்டியதில்லை. 2025 செப்டெம்பர் 2ஆம் திகதி பரிகாரம் குறித்து வழங்கிய தீர்ப்பில், ஏலத்தில் செய்யும் முக்கிய மாற்றங்களைப் பகிரங்கப்படுத்த வேண்டும் என நீதிபதி பணித்தார். 1998இல் பில் குரொஸ் விளம்பரத்தின் பக்கத்திலேயே விலையை எழுதிவைத்ததை நினைத்தால், 27 ஆண்டுகளில் சுற்றி வந்த பாதை புலப்படும்.

தமிழ் வாசகர்களுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். தமிழ்ப் பக்கங்களில் கூகிளின் விளம்பரங்களை வெளியிடுவதற்கான ஆதரவு 2018 பெப்ரவரியில்தான் அறிவிக்கப்பட்டது. அதற்குமுன் பல ஆண்டுகளாக இணையத்தில் எழுதிக் குவித்த தமிழின் சொடுக்குகள் இந்தச் சந்தையின் கணக்கில் சேரவேயில்லை. இன்று ஒரு நகைக்கடையோ, பயண முகவர் நிலையமோ, சிறு பதிப்பகமோ இந்த ஏலத்தில் கேட்பவராக நிற்கிறது. அவர்களுக்கு முகவர்கள் கொண்டுவந்து காட்டும் அறிக்கையில் முதலில் மினுங்குவது சொடுக்கு விகிதம். அது 2 என்றால் கவலையும் 8 என்றால் மகிழ்ச்சியும் கொள்வதற்கு முன், கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று: எந்தச் சொல்லுக்கு வந்த சொடுக்கு? விளம்பரம் இல்லாவிட்டாலும் வந்திருக்கக்கூடியவர்கள் எத்தனை பேர்? வந்தவர்களில் வாங்கியவர்கள் எத்தனை பேர்?

இதற்கிடையே சொடுக்கே அருகிவரும் காலம் தொடங்கிவிட்டது. தேடலுக்கு விடையை இயந்திரமே தொகுத்துத் தரும் முறையை 2024 மே மாதத்தில் கூகிள் அமெரிக்காவில் அறிமுகப்படுத்தியது. பியூ ஆய்வு நிலையம் 2025இல் வெளியிட்ட தகவலின்படி, அத்தகைய தொகுப்பைக் கண்டவர்கள் கீழுள்ள வழமையான இணைப்பொன்றைச் சொடுக்கியது 8 சதவீதமான தடவைகளில். தொகுப்பில்லாத பக்கங்களில் அது 15 சதவீதம். விளம்பரமல்லாத இணைப்புகளைப் பற்றிய கணக்கு இது. ஆயினும் பத்திரிகைகளுக்கு வாசகனை அழைத்துவந்த வழி அதுதான். கூகிளின் தேடல் சார்ந்த வருமானமோ 2024இல் சுமார் 19,800 கோடி டொலர்.

அடிமட்டத்தால் அளந்த காலத்தில் விளம்பரதாரருக்கும் தெரியாது, பத்திரிகைக்கும் தெரியாது. அறியாமை இரு தரப்பாருக்கும் சமமாக இருந்தது. இன்று ஒரு தரப்பு எல்லாவற்றையும் எண்ணுகிறது. மறுதரப்பு அது காட்டும் எண்ணை மட்டும் காண்கிறது. சொடுக்கு விகிதம் பிறந்தது வாசகனுக்கு ஒரு வாக்கைக் கொடுத்துத்தான். அந்த வாக்கை எண்ணுமிடத்தில் வேறொருவர் நின்று பார்க்க இயலுமா என்பதே எஞ்சியிருக்கும் கேள்வி.